தந்தைவழிப் பதிவேடும் தாய்வழி அடுப்பும்: இலங்கைப் பறங்கியர் இல்லங்களின் நத்தார் உணவு

ஆய்வுச் சுருக்கம்

இலங்கைப் பறங்கியர் இல்லங்களில் நத்தார் நாளன்று பரிமாறப்படும் உணவு, போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகிய மூவர் ஆட்சிக்காலத்துக் குடும்ப வழக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உருவானதாகும். அச்சமூகத்தைப் பற்றிய சட்ட வரையறைகளும் குலவரலாற்றுப் பதிவுகளும் தந்தைவழியையே அடையாளத்தின் அளவுகோலாகக் கொண்டன. வீட்டு உணவோ அப்பதிவுகள் ஒதுக்கிய தாய்வழித் தொடர்புகளையும் அடுக்களையில் உழைத்தோரின் பங்களிப்பையும் பேணி வந்துள்ளது. இவ்விரண்டு வகைச் சான்றுகளையும் இக்கட்டுரை ஒருங்கே வைத்து ஆராய்கிறது. விழா உணவை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதற்குரிய எல்லைகளையும் அது சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: பறங்கியர், நத்தார், இலங்கை, உணவு வரலாறு, தந்தைவழி மரபு, கலப்பு மணம், கடன்சொற்கள்

முன்னுரை

இலங்கைத் தமிழர் கிறிஸ்து பிறப்பு விழாவை நத்தார் என வழங்குகின்றனர். பிறப்பு விழாவைக் குறிக்கும் 'நத்தால்' என்னும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபே இது. சிங்களத்தில் அச்சொல் 'நத்தல' என்றாயிற்று. நத்தார் காலை உணவு வைக்கப்படும் மேசையும், அதன்மீதுள்ள பாணும், அது ஆயத்தமாகும் குசினியும் போர்த்துக்கேய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொற்களாலேயே குறிக்கப்படுகின்றன. உடன் அருந்தும் கோப்பி ஒல்லாந்த மொழி தந்த சொல். ஒரு விழாநாளின் காலை உணவைப் பற்றி இலங்கைத் தமிழில் எழுதத் தொடங்கும்போதே, 16ஆம் நூற்றாண்டு முதலான தொடர்புகளின் வரலாறு சொற்களினூடே வெளிப்பட்டு விடுகிறது.

ஐரோப்பியர் ஆட்சியின் விளைவாக இலங்கையில் உருவான பறங்கியர் சமூகம், தொகையளவில் எக்காலத்தும் சிறியது. ஆயினும் அதன் குடும்ப வரலாறுகள் விரிவாக எழுதப்பட்டுள்ளன. அவ்வரலாறுகள் 'தந்தை யார்' என்னும் வினாவுக்கு விடையளிக்கும் நோக்கில் அமைந்தவை. அதே குடும்பங்களில் ஆண்டுதோறும் சமைக்கப்பட்ட நத்தார் உணவு வேறொரு வினாவுக்கு விடையளிக்கிறது: அவ்வீடுகளின் அடுக்களையில் யார் இருந்தனர்? இவ்விரு விடைகளும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே முரண்படுகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பறங்கியர் என்னும் அடையாளமும் ஆண்வழி வரையறையும்

போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக் கரையை அடைந்தனர். அவர்கள் வசமிருந்த காலியை 1640இலும், கொழும்பை 1656இலும், யாழ்ப்பாணத்தை 1658இலும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி கைப்பற்றியது. 1796இல் கரையோரப் பகுதிகள் ஆங்கிலேயர் வசமாயின. ஆட்சி கைமாறியபோது கம்பனியின் ஊழியரும் குடியேறியவரும் அனைவரும் தீவை விட்டு நீங்கிவிடவில்லை. எஞ்சியோர் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுத்தர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் மருத்துவர்களாகவும் நிலைபெற்றனர்.

புதிய ஆட்சியின்கீழ் இவர்களை எவ்வாறு வகைப்படுத்துவது என்னும் வினா எழுந்தது. 1829 முதல் 1833 வரையான கோல்புறூக் ஆணைக்குழுவின் காலத்தில், தலைமை நீதியரசராயிருந்த ரிச்சர்ட் ஒட்லி இதற்கு ஒரு வரையறை தந்தார். ஆண்வழி முன்னோர் ஐரோப்பியராயிருந்து, பெற்றோர் முறைப்படி மணம் புரிந்தவராயின், தாய் எவ்வினத்தவராயினும் பிள்ளைகள் பறங்கியரே என்பது அதன் சாரம். மணம் நிகழாதவிடத்துத் தாயின் இனமே பிள்ளையின் இனமாகும். ஆண்வழி ஒருமுறை உள்நாட்டவரிடம் சென்றுவிட்டால் அவ்வுரிமை மீளாது என்பதும் அவ்வரையறையின் பகுதியே.

இவ்வரையறையின் உட்பொருள் கவனத்திற்குரியது. கலப்பு மணம் நிகழ்ந்ததை அது மறுக்கவில்லை, வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. ஆனால் தாயின் வழி அடையாளத்தைத் தீர்மானிக்கும் தகுதியுடையதன்று என அது விதிக்கிறது. தாய் கணக்கில் வருவது மணம் பதிவாகாத இடத்தில் மட்டுமே. அங்கும் அவள்வழிப் பிள்ளை பறங்கியர் என்னும் பெயரை இழக்கிறது.

1908இல் கொழும்பில் நிறுவப்பட்ட ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் இந்நெறியை மேலும் இறுக்கியது. அரசு ஆவணக் காப்பாளராயிருந்த ஆர். ஜி. அந்தனிஸ் அதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றினார். கம்பனியின் பணியிலிருந்த அல்லது அதன் ஆட்சிக்காலத்தில் இலங்கையில் குடியேறிய ஐரோப்பியரின் ஆண்வழி வாரிசுகளே சங்கத்தில் உறுப்பினராகத் தகுதியுடையோர். சங்கத்தின் இதழ் குடும்பந்தோறும் மரபுக்கொடிகளைத் திரட்டி வெளியிட்டது. அவற்றில் மனைவியரின் பெயர்கள் இடம்பெறுகின்றன. மரபுக்கொடியோ அவர்கள் வழியே நகர்வதில்லை. ஒல்லாந்தப் பறங்கியருக்கும் 'போர்த்துக்கேயப் பறங்கியர்' எனப்பட்டோருக்கும் இடையே இருந்த வேறுபாட்டையும் இவ்விதி உறுதிப்படுத்தியது. கைவினைத் தொழில் செய்து, பெரும்பாலும் கத்தோலிக்கராய் வாழ்ந்த பின்னவர், சமூகப் படிநிலையில் தாழ்ந்தவராகவே கருதப்பட்டனர்.

2. மணமும் மொழியும்

பதிவேடுகள் வரைந்த இவ்வெல்லை நடைமுறை வாழ்க்கையில் அத்துணைத் தெளிவாக இருக்கவில்லை. ஒல்லாந்து நாட்டிலிருந்து பெண்கள் மிகச் சிலரே கீழைநாடுகளுக்கு வந்தனர். 1646 முதல் 1650 வரை இலங்கையில் ஒல்லாந்த ஆளுநராயிருந்த யோவான் மாட்சோய்க்கர், கம்பனியின் ஆடவர் போர்த்துக்கேய வழித்தோன்றல்களான கலப்பினப் பெண்களை மணப்பதை ஊக்குவித்தார். அப்பெண்களின் பாட்டிமாரும் தாய்மாரும் சிங்கள, தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் பிற கீழைநாட்டுக் குடும்பங்களிலிருந்தும் வந்தவர்கள். ஆகவே முதல் தலைமுறை ஒல்லாந்தக் குடும்பங்கள் பலவற்றில் தந்தை ஒல்லாந்தர். தாயோ ஒரு நூற்றாண்டுக்கும் மேலான போர்த்துக்கேய-இலங்கைக் கலப்பின் வாரிசு.

இதன் விளைவு மொழியில் தெளிவாகத் தெரிந்தது. ஆட்சியாளர் ஒல்லாந்தராயிருந்த காலத்திலும் அவர்தம் இல்லங்களில் மனைவியரும் மக்களும் ஏவலரும் பேசியது இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல். கம்பனி நிர்வாகம் ஒல்லாந்த மொழியைப் பரப்ப முயன்றும் வீட்டு மொழியை மாற்ற இயலவில்லை. தமிழ் வழங்கும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் பறங்கியர் சிலர் அக்கிரியோலை அண்மைக்காலம் வரை பேணி வந்துள்ளனர்.

இலங்கைத் தமிழின் கடன்சொற்களும் இந்நிலையை ஓரளவு எதிரொலிக்கின்றன. கந்தோர், நொத்தாரிசு, துட்டு ஆகியவை ஒல்லாந்த மொழி தந்தவை. அலுவலகத்தையும் ஆவணத்தையும் நாணயத்தையும் சார்ந்தவை. குசினி, மேசை, அலமாரி, சன்னல், சாவி, பாண் ஆகியவை போர்த்துக்கேயம் தந்தவை, வீட்டைச் சார்ந்தவை. கோப்பி, போஞ்சி போன்ற ஒல்லாந்தச் சொற்கள் உணவுத் துறையிலும் உள்ளமையால் இப்பகுப்பை முழுமையான விதியாகக் கொள்ள இயலாது. எனினும், ஆட்சி மாறியபோது கந்தோரின் மொழி மாறியது. குசினியின் மொழி எளிதில் மாறவில்லை என்னும் பொதுப்போக்கை அது உணர்த்துகிறது.

3. நத்தார் மேசையின் மூன்று பண்டங்கள்

மொழியில் நிகழ்ந்ததே உணவிலும் நிகழ்ந்தது. பறங்கியர் நத்தார் மேசையில் இடம்பெறும் மூன்று பண்டங்கள் இதற்குத் தக்க சான்றுகளாகும்.

முதலாவது புறூடர். 'புரூடர்' என்னும் ஒல்லாந்தப் பெயரின் வழிவந்த இது, முட்டை, வெண்ணெய், சீனி, உலர்ந்த திராட்சை ஆகியன சேர்த்துப் புளித்த மாவில் செய்யப்படுவது. வரிப்பள்ளங்களுடைய வட்ட அச்சில் இட்டு வேகவைக்கப்படும். பேக்கரியில் பாணுக்கெனப் பிசைந்து புளிக்கவைத்த மாவை வாங்கி, அதனோடு ஏனையவற்றைச் சேர்த்துப் பிசைவது கொழும்புக் குடும்பங்களின் வழக்கம். நத்தார் காலையில் இதனைத் துண்டுகளாக வெட்டி, செம்மெழுகு பூசிய ஈடாம் பாலாடைக்கட்டியுடனும் வாழைப்பழத்துடனும் உண்பர். இதே பெயரும் வகையும் கொண்ட பண்டங்கள் கொச்சியிலும் மலாக்காவிலும் சாவகத்திலும் வழங்குகின்றன. இவை யாவும் ஒல்லாந்தக் கம்பனியின் துறைமுகங்கள் அல்லது அதன் ஆட்சிப் பகுதிகள். மலாக்காவில் மாவைப் புளிக்கவைக்கக் கள் பயன்பட்டது. எனவே, மிகத் தூய ஒல்லாந்தப் பண்டமாகக் கருதப்படும் புறூடரும் ஆசியக் கடற்கரைகளின் வலைப்பின்னலுக்குள் வளர்ந்ததே.

இரண்டாவது லவ் கேக். ரவை, மிகுதியான முட்டை மஞ்சட்கரு, சீனி, வெண்ணெய், பொடியாக நறுக்கிய கஜு, தேன், பன்னீர், ஏலம், கறுவா, சாதிக்காய் ஆகியவற்றோடு நீற்றுப்பூசணிப் பாகுத்துண்டும் சேர்ந்தது இது. சிங்களத்தில் அப்பாகுத்துண்டு 'புஹுல் தோசி' எனப்படும். அதில் 'புஹுல்' என்பது நீற்றுப்பூசணியைக் குறிக்கும் சிங்களச் சொல். 'தோசி' என்பது இனிப்பைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு. மஞ்சட்கருவையும் சீனியையும் மிகுதியாகச் சேர்ப்பது போர்த்துக்கேயக் கன்னிமடங்களின் இனிப்பு மரபு. கஜு மரத்தைப் பிரேசிலிலிருந்து ஆசியாவுக்குக் கொணர்ந்தவரும் போர்த்துக்கேயரே. கறுவாவோ ஐரோப்பியர் இலங்கையை நாடி வந்ததற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. போர்த்துக்கேய வழியினது எனப் பொதுவாகக் கருதப்படும் இக்கேக், ஒல்லாந்தப் பறங்கியர் இல்லங்களின் நத்தார் மேசையிலும் மதிப்புக்குரிய இடத்தைப் பெற்றுள்ளது.

மூன்றாவது, ஆங்கிலேயர் காலத்தில் பரவிய உலர்பழக் கேக். நத்தாரைக் குடும்ப விருந்து நாளாகக் கொண்டாடும் விக்டோரியாக் கால வழக்கத்தோடு வந்த இப்பண்டம், இலங்கை அடுக்களையில் தன் உருவை மாற்றிக்கொண்டது. கோதுமை மாவின் இடத்தை ரவை பெற்றது. வாதுமையின் இடத்தைக் கஜு பெற்றது. பூசணிப் பாகும் பன்னீரும் ஏலமும் சேர்ந்தன. அதாவது, லவ் கேக்கின் கைப்பழக்கம் ஆங்கிலேயக் கேக்கிற்குள்ளும் புகுந்தது. புதிய ஆட்சியின் பண்டத்தைப் பழைய அடுக்களை தன் முறையிலேயே ஏற்றுக்கொண்டது.

இம்மூன்று பண்டங்களையும் ஒருங்கே நோக்கும்போது முரண் புலனாகிறது. சங்கத்தின் விதிகள் போர்த்துக்கேயப் பறங்கியரை எல்லைக்கு வெளியே நிறுத்தின. அச்சங்கத்தவரின் இல்லங்களிலோ விழா நாளன்று போர்த்துக்கேய மரபின் கேக் சிறப்பிடம் பெற்றது. மரபுக்கொடியில் தொடர முடியாமற்போன தாய்வழி, ஆண்டுக்கொருமுறை மேசைமீது தொடர்ந்தது.

4. பெயர் பதியப்படாத கைகள்

தாய்வழி என்பது மணம் புரிந்த மனைவியரை மட்டும் குறிப்பதாகக் கொண்டால் வரலாறு முழுமையுறாது. ஒல்லாந்தர் காலக் கொழும்பின் வசதிபடைத்த இல்லங்களில் அடிமைகள் வேலை செய்தனர். அவர்களுள் இந்தோனேசியத் தீவுகளிலிருந்து கொணரப்பட்டோரும் தென்னிந்தியக் கரைகளிலிருந்து கொணரப்பட்டோரும் இருந்தனர். தஞ்சைப் பகுதி 1659 முதல் 1661 வரை போராலும் பஞ்சத்தாலும் சிதைந்தபோது, சோழமண்டலக் கரையின் துறைமுகங்களில் ஆயிரக்கணக்கானோரைக் கம்பனி விலைக்கு வாங்கி இலங்கைக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பியது. பசியினால் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்க நேர்ந்த தமிழர் அவர்கள். வயலிலும் கட்டுமானத்திலும் வீட்டிலும் அவர்களின் உழைப்பு பயன்படுத்தப்பட்டது. இலங்கையில் அடிமை முறை 1844இலேயே சட்டப்படி முற்றாக ஒழிந்தது.

விழா விருந்துகளில் இடம்பெறும் லம்பிறைஸ் இவ்வுழைப்பின் பரப்பை உணர்த்துகிறது. இறைச்சிச் சாற்றில் வேகவைத்த சோறு, பல இறைச்சிகள் சேர்ந்த கறி, பிறிக்கடல் எனப்படும் இறைச்சி உருண்டை, கத்தரிக்காய் மோஜு, சீனிச் சம்பல், பிளாச்சான் ஆகியவற்றை வாட்டிய வாழையிலையில் பொதிந்து மீண்டும் சூடேற்றுவது இது. இதன் பெயரும் பிறிக்கடலும் ஒல்லாந்த வழியின. பிளாச்சான் என்பது இறால் விழுதைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. சம்பலும் மலாய்ச் சொல்லே. இலையில் பொதியும் முறையைச் சாவகத்தின் லெம்பருடன் ஒப்பிடுவர். கறியும் வாழையிலையும் இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் பொதுவானவை. ஒரே இலைப்பொதிக்குள் கம்பனியின் ஆசியப் பேரரசு முழுவதும் அடங்கியுள்ளது எனலாம். அப்பேரரசின் அதிகாரிகளது பெயர்கள் ஆவணங்களில் உள்ளன. சோற்றை வடித்து இலையை வாட்டியவர்களின் பெயர்களோ பெரும்பாலும் இல்லை. உடைமைப் பட்டியல்களில் இடப்பட்ட பெயர்களாக மட்டுமே அவர்களுட் சிலர் எஞ்சியுள்ளனர்.

தமிழ் வரலாற்றாய்வில் தஞ்சைப் பஞ்சமும் அடிமை வணிகமும் அரசியல், பொருளாதார நிகழ்வுகளாகவே பெரிதும் பேசப்படுகின்றன. அவ்வாறு கடல் கடந்தோரின் கைப்பழக்கம் எங்கே எஞ்சியது என்னும் வினா, உணவு வரலாற்றின் வழியே எழுப்பத்தக்கது.

5. சான்றின் எல்லை

உணவை இவ்வாறு சான்றாகக் கொள்ளும்போது ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. ஒரு பண்டம் ஒரு வீட்டில் இருப்பதைக் கொண்டு அவ்வீட்டாரின் குருதித் தொடர்பை நிறுவ இயலாது. இதற்குக் கொக்கிஸ் நல்ல எடுத்துக்காட்டு. அரிசி மாவையும் தேங்காய்ப்பாலையும் கரைத்து, சூடான இரும்பு அச்சைத் தோய்த்து, எண்ணெயில் பொரிக்கும் இப்பலகாரத்தின் பெயர், சிறு கேக்குகளைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல்லிலிருந்து வந்தது. இன்று சித்திரைப் புத்தாண்டில் சிங்களக் குடும்பங்களின் மேசையில் இது தவறாது இடம்பெறுகிறது. அக்குடும்பங்களுக்கு ஒல்லாந்த முன்னோர் இருந்தாக வேண்டும் என எவரும் வாதிடுவதில்லை. அண்டை வீட்டாரின் பரிமாற்றம், சமையற்காரரின் இடப்பெயர்வு, சந்தையில் கிடைத்த அச்சு என வழிகள் பல உள்ளன.

அச்சு நூல்களும் இவ்வழிகளுள் ஒன்று. ஹில்டா டியூட்ரம் தொகுத்து 1929இல் வெளிவந்த 'சிலோன் டெய்லி நியூஸ்' சமையல் நூல், ஐரோப்பியப் பண்டங்களையும் இலங்கைக் கறி வகைகளையும் ஒரே தொகுப்பில் தந்தது. குடும்பக் குறிப்பேடுகளில் இருந்த முறைகள் அச்சேறியபின், பறங்கியர் அல்லாத ஆங்கிலம் கற்ற குடும்பங்களும் அவற்றைச் செய்யத் தொடங்கின. இன்று லவ் கேக் சமூக எல்லைகளைக் கடந்த இலங்கை நத்தார் பண்டமாகிவிட்டது.

எனவே, உணவு உணர்த்துவது குருதியைப் பற்றியதன்று, உறவைப் பற்றியது. யாரோடு யார் வாழ்ந்தனர், யார் யாருக்குச் சமைத்தனர், யாரிடமிருந்து யார் கற்றனர் என்பனவற்றை அது காட்டுகிறது. தூய ஆண்வழி என்னும் கருத்தை உணவைக் கொண்டு மறுத்து, அதற்கு ஈடாகத் தூய தாய்வழி ஒன்றை நிறுவ முயல்வது பழைய பிழையையே திருப்பிச் செய்வதாகும்.

6. புலம்பெயர்வும் இருவகை உடைமைகளும்

1956இன் தனிச் சிங்களச் சட்டத்திற்குப் பின், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகவும் அலுவல்மொழியாகவும் கொண்டிருந்த பறங்கியர் பெருந்தொகையாக ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தனர். வெள்ளையர்க்கு முன்னுரிமை தரும் குடிவரவுக் கொள்கை அந்நாட்டில் 1973 வரை நீடித்தது. ஐரோப்பிய வம்சாவளியைக் காட்ட வேண்டிய அச்சூழலில், தந்தைவழி மரபுக்கொடிகள் பெருமைக்குரிய ஏடுகள் என்னும் நிலையிலிருந்து நடைமுறைத் தேவையாயின. ஒட்லி வகுத்த அளவுகோல் நூற்றாண்டு கடந்து துறைமுகத்தின் கதவுவரை தொடர்ந்து வந்தது.

கதவைக் கடந்தபின் அவர்கள் பேணியது வேறொன்று. 1930இல் கொழும்பில் பிறந்து 1959இல் ஆஸ்திரேலியாவில் குடியேறிய சார்மெய்ன் சாலமன், 1976இல் ஆசிய உணவு பற்றிய முழுமையான சமையல் நூலொன்றை வெளியிட்டார். லவ் கேக், லம்பிறைஸ் ஆகியவற்றின் முறைகள் அதன்வழி ஆங்கிலம் பேசும் உலகெங்கும் சென்றன. குடிவரவு அதிகாரியிடம் ஐரோப்பியராகத் தம்மை நிறுவ வேண்டியிருந்த ஒரு சமூகத்தின் உணவு, நூலில் ஆசிய உணவாகவே வைக்கப்பட்டது. பதிவேடு கூறியதற்கும் அடுப்பு கூறியதற்கும் இடையேயான வேறுபாடு இங்கே வெளிப்படையாகிறது.

முடிவுரை

இலங்கைப் பறங்கியரின் நத்தார் உணவு, மூன்று ஆட்சிக்காலங்களின் குடும்ப வழக்குகளை ஒரே மேசையில் இணைத்தது. புறூடர் ஒல்லாந்தத் தந்தையரின் பெயரைத் தாங்கியது. லவ் கேக் அவர்கள் மணந்த பெண்களின் கைப்பழக்கத்தைக் காத்தது. ஆங்கிலேயரின் கேக் அக்கைப்பழக்கத்திற்கு உட்பட்டது. லம்பிறைஸ் அடிமை உழைப்பின் சுவடுகளைத் தன்னுள் பொதிந்து வைத்தது. சட்ட வரையறையும் சங்க விதியும் இவற்றுள் ஒரு வழியை மட்டுமே வரலாறாக ஏற்றன.

பதிவேடு பொய்யுரைத்தது என்பது இதன் பொருளன்று. அது தான் கேட்ட வினாவுக்குச் சரியாகவே விடையளித்தது. கேட்காதுவிட்ட வினாவே பெரிது. குடும்ப வரலாறு எழுதும் ஆய்வாளர், திருமணப் பதிவையும் மரபுக்கொடியையும் நோக்குவது போலவே சமையற் குறிப்பேட்டையும் விழாநாள் உணவுப் பட்டியலையும் ஆவணங்களாகக் கொள்ளுதல் வேண்டும். போர்த்துக்கேய, ஒல்லாந்த ஆட்சிகளின்கீழ் இருந்த தமிழ்க் கடற்கரை ஊர்களின் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் இம்முறை பொருந்தும். முதிய தலைமுறையினரின் நினைவிலும் மங்கிய மையிலும் மட்டுமே எஞ்சியுள்ள அக்குறிப்பேடுகளைத் திரட்டுவது காலத்தோடு செய்யவேண்டிய பணியாகும்.